பூசையறையில் தங்கிவிட்ட புத்தகங்கள்

அண்ணை,

ஒழுங்கு போட்டுக்கொள்ளாமல் எழுதினால் நான் வழி தவறிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே:

1. இன்று வந்த பெட்டியும் அதன் மணமும்.
2. நான் புத்தகம் தெரிவு செய்த விதம்.
3. சரஸ்வதி பூசைக்கு மறுநாள் நீங்கள் செய்தது.
4. நீங்கள் எனக்குத் தெரிவு செய்து தந்த புத்தகமே மற்ற எல்லாவற்றிலும் சிறந்தது என்பது.

காலையில் உங்கள் மகள் ரெய்னர்ஸ் லேனிலிருந்து காரில் வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போனாள். நீங்கள் இல்லாத வீட்டை அவளுடைய அம்மா ஒதுக்குகிறாராம். மூடியைத் திறந்தேன். கற்பூரம், சந்தனம், பழைய தாள். என் பதினொரு புத்தகங்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் நீங்கள் இட்ட சந்தனப் பொட்டு மங்கலாக இருந்தது. தாள்கள் அலையலையாக வளைந்திருந்தன. காலம் வளைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். யன்னலருகே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஹவுன்ஸ்லோவின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேகத்துக்குள் போயின. அந்த மணத்தில் நீங்கள் இன்னும் போகாதவராக இருந்தீர்கள்.

இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில் நான் ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ் அறையில் கொதிகலன் பார்ப்பவன். ஊரில் சீமெந்து ஆலையின் இயந்திரப் பொறியியலாளன். அந்தப் பட்டம் இங்கே செல்லாது. நீங்கள் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, பதிவுபெற்ற பொறியியலாளராகிவிட்டவர். புதிய குழாய்களின் வரைபடத்தோடு கீழே இறங்கி வந்தபோதுதான் பழக்கம். என்னை நீங்கள் அண்ணே என்றீர்கள், உங்களை நான் அண்ணை என்றேன். யார் மூத்தவர் என்று கடைசிவரை தீர்க்கவில்லை.

"லைசென்ஸ் பரீட்சை எழுதுங்க அண்ணே. இங்க கையெழுத்துப் போட வேண்டிய ஆளு நீங்க," என்றீர்கள்.

என் பெயர் மறுபடி ஒரு வரைபடத்தின் மூலையில் விழும் என்ற நினைப்பே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்புப் போகவில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தேன். இரண்டு முறை விண்ணப்ப நாளைத் தவறவிட்டிருந்தேன். மூன்றாவது முறையும் விட்டால் பிறகு எழுதவே மாட்டேன் என்று உள்ளூரத் தெரியும்.

தவறவிட்ட காரணம் சோம்பல் அல்ல. எதைப் படிப்பது என்று முடிவு செய்ய முடியவில்லை. செய்துகாட்டிய கணக்குகள் எத்தனை, விடைகள் கடைசியில் உண்டா, பழைய அலகா புதிய அலகா என்றெல்லாம் அட்டவணை போட்டுப் புள்ளி கொடுத்தேன். இரண்டு நூல்கள் சமமாக நிற்கும். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஒன்று வாங்குவேன். அதுவும் சமமாக வந்து நிற்கும். இப்படிப் பன்னிரண்டு சேர்ந்தது. ஒன்றிலும் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

"எல்லாத்தையும் பூஜைக்குக் கொண்டாங்க," என்றீர்கள். சக்கரம் வைத்த சில்லுப் பையில் கட்டி, அக்டன் டவுனில் ரயில் மாறி, இழுத்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்த உங்கள் மனைவி, "என்ன அண்ணே, குடி வந்துட்டீங்களா?" என்றார். பின்னால் நின்ற நீங்கள், "பாஸ் பண்ணப் போறீங்களா, புஸ்தகக் கடை வைக்கப் போறீங்களா லா?" என்று உங்கள் மலேசியப் பேச்சில் கேட்டீர்கள்.

"எதைப் படிக்கிறதெண்டு தெரியேல்லை அண்ணை."

"இன்னிக்கு எதையும் படிக்கக் கூடாது. அதாவது தெரியுமில்ல?"

பூசையில் வைத்த புத்தகத்தைத் தொடக் கூடாது. பல மாதங்களுக்குப் பிறகு நான் எதையும் எதோடும் ஒப்பிடாத நாள் அது. உங்கள் சோபாவில் கிடந்தேன். ஐப்பசி வெயில் திரைச்சீலையின் வழியே மெல்ல ஊர்ந்தது. கண் மூடினால் புத்தகப் படங்களின் நீராவிச் சுழலிகள் தாமரைகள் போல விரிந்து சுற்றின. அவற்றிலிருந்து எழுந்த ஆவிக்கு உங்கள் வீட்டுச் சாம்பிராணியின் மணம். அன்றிரவு உங்கள் மேல்மாடியில் அப்படியே உறங்கினேன்.

விஜயதசமிக் காலையில் இறங்கி வந்தேன். பூசையறைக் கதவு சாத்தியிருந்தது. "உள்ள போகாதீங்க, தரை ஈரம்," என்று சொல்லி, மிகவும் தீவிரமான முகத்தோடு ஒரு புத்தகத்தை என் கையில் வைத்தீர்கள்.

"மற்றதுகள்?"

"சரஸ்வதி அம்மாகிட்ட இருக்கட்டும். பாஸ் பண்ணிட்டு வந்து வாங்கிக்குங்க."

"அண்ணை, என்ரை அட்டவணையில இது ஏழாவது."

"அட்டவணையையும் வெச்சிட்டுப் போங்க."

எனக்கு ஏலாது என்று சொல்ல நினைத்தேன். சொல்லப் பயமாக இருந்தது. வெறும் சில்லுப் பை கடகடவென்று பின்னால் வர, அந்த ஒன்றோடு ரயில் ஏறினேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் கொதிகலனின் இரைச்சலுக்குள் அதைப் படித்தேன். இப்போது நினைத்தால் நான் படித்ததாகவே தோன்றவில்லை. வெதுவெதுப்பான ஏதோ ஒன்றில் மிதந்தது போலத்தான் இருக்கிறது. தேறினேன். இனிப்போடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் மற்றப் பதினொன்றையும் எடுக்கப் போனபோது, "இருக்கட்டும் அண்ணை," என்று தடுத்தேன். வீட்டுக்கு வந்தால் அவை மறுபடி வழக்காடத் தொடங்கும் என்று அச்சம்.

அதன்பின் மோர்டனிலும் ஹவுன்ஸ்லோவிலும் பரீட்சை பற்றிக் கேட்ட பொடியன்கள் எல்லோருக்கும் அந்த ஒரு நூலைத்தான் சொன்னேன். ஏன் சிறந்தது என்று காரணங்களும் அடுக்கினேன். சிலர் அதைப் படித்துத் தேறினார்கள். சிலர் வேறு எதையோ படித்துத் தேறினார்கள். பின்னவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, நான்காவதைத் தொடங்குமுன், பெட்டிக்கு நன்றி சொல்ல உங்கள் மனைவிக்குப் போன் எடுத்தேன். சரியான நூலை நீங்கள் எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சிரிப்புத்தான் கேட்டது.

"அவரா? அன்னிக்கு நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி கலசம் கவுந்திருச்சு அண்ணே. எல்லாப் புஸ்தகமும் நனைஞ்சு போச்சு. மூலையில இருந்த அது ஒண்ணுதான் தப்பிச்சது. உங்ககிட்டச் சொல்லப் பயந்துகிட்டு எதையோ உளறிட்டாரு."

"மற்றதுகளை ஏன் பிறகு தரேல்லை?"

"காய வெச்சு ஒரு வாரத்துல குடுக்கறதாத்தான் இருந்தாரு. நீங்க போன் பண்ணி, மூணு அத்தியாயம் முடிச்சிட்டேன்னு சொன்னீங்களாம். காஞ்ச புஸ்தகத்தை எல்லாம் திரும்பப் பூஜையறையில வெச்சு, அவரு வாயில விரலை வெச்சுக் காட்டினாரு, சொல்லாதேன்னு."

போனை வைத்தேன். உங்களுக்கும் பயம் உண்டு என்று இன்றுதான் அறிந்தேன். அது எனக்கு என்னவோ ஆறுதலாக இருக்கிறது. இப்போதெல்லாம் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டி வந்தால் கைக்குக் கிட்ட இருப்பதை எடுத்துக்கொள்கிறேன். இனி அப்படி எடுக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஈரத் தரையில் நீங்கள் நிற்பது போலிருக்கும்.

வளைந்த பதினொன்றில் ஒன்றை எடுத்து மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தேன். வேறொன்றையும் திறந்தேன். நீராவி எல்லாவற்றிலும் ஒரே விதமாகத்தான் விரிகிறது. மேலே போட்ட ஒழுங்கை வெட்டாமல் விடுகிறேன்.

நான்காவது மட்டும் பிழை, அண்ணை.