ஆப்பிள் தோட்டத்தை விட்டுப் போகாதவன்

மூவார்
7 ஜூன் 1931

அன்புள்ள அத்தானுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நான் சுகம். சித்திரையில் வந்த உங்கள் கடிதத்துக்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லையே? கொயினா மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள்.

இங்கே வாசகர் சங்கத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். தற்கால அமெரிக்க நாவல் ஒன்றை எடுத்து, அதன் கருத்தையும் அதில் எது எதற்குக் குறியீடு என்பதையும் விளக்க வேண்டும். எங்கள் கான்வென்ட் பள்ளியின் மதர் கொடுத்த நாவலை இத்துடன் அனுப்புகிறேன். ஏழை ஒருவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறான். விளம்பரத் தாளை நம்பி, சமவெளியில் ஆப்பிள் தோட்டம் போடுகிறான். வருஷந்தோறும் பூக்கிறது, வருஷந்தோறும் உறைபனி விழுந்து பூவெல்லாம் கருகிவிடுகிறது. பட்டணம் போய்விடலாம் என்று மனைவி கெஞ்சுகிறாள். அவன் அசையவில்லை. கடைசியில் அவள் மட்டும் ரயிலேறிப் போகிறாள்.

பூ என்பது அந்த நாடு வந்தவர்க்கெல்லாம் கொடுக்கும் வாக்கு, பனி அந்த வாக்கு பொய்த்தது, அவன் பேராசை கண்ணை மறைத்தவன் என்று பேச நினைக்கிறேன். உங்கள் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. படித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்புள்ள,
வினிஃப்ரெட்

சாஆ
28 ஜூன் 1931

அன்பு வினிக்கு,

காய்ச்சல் இல்லை. எழுத மனம்தான் இல்லை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதி மரங்களில் பால்வெட்டு நின்றுவிட்டது. ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றுகிறார்கள். யார் யார் போக வேண்டும் என்று கூலி லயத்தில் நின்று பெயர் வாசிப்பது என் வேலை. கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் இதற்குத்தான் என்று முன்பு தெரியாது.

நாவலைப் படித்தேன். ஏன் எனக்கு அனுப்பினாய் என்று முதல் அத்தியாயத்திலேயே புரிந்தது. கோபமில்லை. பூவையும் பனியையும் பற்றி நீ சொல்வது சரி. ஆனால் அவன் பேராசைக்காரன் இல்லை, வினி. பேராசைக்காரன் முதல் நஷ்டத்திலேயே ஓடியிருப்பான். அந்த மண்ணில் அவன் யாரையோ புதைத்திருக்கிறான். கதை எழுதினவர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். மனைவி போன அன்று அவன் என்ன சாப்பிட்டான் என்பதையும் சொல்லவில்லை.

நேற்று நம் ஐலீனின் கல்லறையைச் சுற்றிப் புல் செதுக்கினேன்.

கிரகோரி

மூவார்
26 ஜூலை 1931

அன்புள்ள அத்தானுக்கு,

கூட்டம் நடந்தது. ரயில், பனி, பூ எல்லாவற்றையும் விளக்கி முடித்து உட்காரப் போனேன். பின்வரிசையில் இருந்த தனலெட்சுமி, தபால் கந்தோர் கிராணியின் மனைவி, எழுந்து நின்றார். "எல்லாம் சரி டீச்சர், அந்தம்மா போய்ச் சேந்த பிறகு, நீயும் வாய்யான்னு அவனுக்கு ஒரு வார்த்த எழுதினாங்களா?" என்று கேட்டார். நாவலில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தேன்.

ஆகவே எழுதுகிறேன். வாருங்கள். நம் குழந்தையைக் காய்ச்சல் கொண்டுபோன வீட்டில் என்னால் மறுபடி அடுப்பு மூட்ட முடியாது. அதனால்தான் நான் வேலை தேடி இங்கே வந்தேன், உங்களை வேண்டாமென்று அல்ல. இங்கே மரக்கிட்டங்கி ஒன்றில் கிராணி வேலை இருக்கிறது. ஐலீனைத் தனியே விட்டு வர மனமில்லை என்றால் அவளையும் கொண்டுவாருங்கள். நம் கோயில் கல்லறையில் இடம் தருவதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார்.

வினிஃப்ரெட்

சாஆ
13 செப்டம்பர் 1931

வினிக்கு,

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய சீன முதலாளி, தவுக்கே, அன்னாசி போடப் போகிறார், கல்லறைச் சரிவையும் உழுவார்களாம். அதனால் நீ சொன்னபடி செய்யத் துணிந்தேன். சின்னப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே வெள்ளைத் துணி விரித்து எடுத்துக்கொண்டு, காலையில் ஐயாசாமியோடு போனேன். தோட்டத்துப் பழைய ஆள். கைநடுங்காமல் மெல்லத் தோண்டுவார்.

இடுப்பளவு ஆழம் போயும் ஒன்றுமில்லை. அகலமாகத் தோண்டச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர் மேலே ஏறி வந்து தலைத்துண்டை அவிழ்த்தார். "ஐயா, இது ஆளு கை படாத மண்ணுங்க. பாப்பா இங்க இல்லீங்க" என்றார்.

நீ போன பிறகு, இருபத்தாறாம் வருஷத்துப் பெருவெள்ளம் சிலுவைகளை எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்ததும் குத்துமதிப்பாக இடம் பார்த்து அவள் சிலுவையை நட்டேன். இதுதான் இடம் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. இத்தனை காலம் வெறும் மண்ணின் முன்னால் முழந்தாளிட்டு ஜெபித்திருக்கிறேன். மத்தியானம் வரை அங்குமிங்கும் தோண்டினோம். கிடைக்கவில்லை.

எந்த முகத்தோடு உன்னிடம் வருவேன்?

கிரகோரி

மூவார்
20 செப்டம்பர் 1931

அத்தான்,

இருக்கிற முகத்தோடு வாருங்கள். கோபப்படுவேன் என்று நினைத்தீர்களா? படித்து முடித்ததும் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அவள் எங்கே இருக்கிறாள் என்பது சர்வேசுரனுக்குத் தெரியும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்தால் போதும்.

சனிக்கிழமைதோறும் ஆற்றங்கரையில் பஸ் நிற்கும் இடத்தில் இருப்பேன்.

வினி

மூவார்
1 நவம்பர் 1931

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்றும் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியது நம் லயத்து வெள்ளையம்மா. மகன் வீட்டோடு இருக்க வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குச் சொல்லலியாம்மா? கடைசி ஆளுங்களக் கப்பல் ஏத்திவிட சிங்கப்பூரு போன கிராணி ஐயா, அவங்களோடயே கப்பல் ஏறிட்டாங்க" என்றாள்.

நீங்கள் இந்த நாட்டிலேயே, சிரம்பானில் பிறந்தவர். நாகப்பட்டினத்தில் இறங்கி யாரிடம் போவீர்கள்? எந்த ஊர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றும் தெரியவில்லை. தோட்டத்துக்கே அனுப்புகிறேன்.

நாளை கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனேன். ஐலீன் பெயரை எழுதிக்கொண்ட சாமியாருக்கு யாரோ உங்களைப் பற்றி என்னமோ சொல்லியிருக்க வேண்டும். வேறு பெயர் சேர்க்க வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம் சாமி. அவங்க உயிரோடதான் இருக்காங்க" என்றேன்.

வினிஃப்ரெட்