ஆறினாலும் சரியாகாத கொக்கி

சாயப்பட்டறைகளை எல்லாம் கோர்ட்டு மூடச் சொல்லி, நொய்யல் ஆற்றில் தண்ணீர் தண்ணீர் நிறத்திலேயே ஓடிய வருஷம் அது. இன்று காலை சட்டையை மாட்டும்போது ஹேங்கரின் கொக்கி பட்டென்று முறிந்தது. அந்த வருஷம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

மாப்பிள்ளை, நீ உயிரோடு இருந்தவரை 'ங்க' போடாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இனி அந்த மரியாதை கிடையாது. எனக்கு எழுத வராது. பக்கத்து வீட்டு டீச்சர் எழுதுகிறார். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

வேலம்பாளையத்து ஹேங்கர் கம்பெனியில் நீ சூப்பர்வைசர். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மிஷினை நான் ஓட்டினேன். மீட்டரில் ஓடும் எண்ணைப் படிக்க எனக்கு வராது. முனையில் உருகி வழியும் பிளாஸ்டிக்கைப் பார்த்தே சூட்டைச் சொல்வேன். வெல்லப்பாகு காயக் காய இறுகும். இது காயக் காய இளகும். தேன் மாதிரி இழுபட்டு விழுந்தால் பதம். தண்ணீராகச் சொட்டிப் புகைந்தால் கெட்டுப்போச்சு.

அன்று காலை நல்ல குளிர். கொக்கியின் நுனிவரை அச்சு நிறையவில்லை.

"அரை மணி நேரம் பொறுங்க மாப்ள. உள்ள இன்னும் சூடு ஏறலீங்க."

"மீட்டர் படிக்கத் தெரியாதவரு எனக்குப் பாடம் சொல்றீங்களாக்கும்!" சூட்டைக் கூட்ட நீயே குமிழைத் திருகினாய்.

நுனி நிறைந்தது. ஓரமெல்லாம் பிதுங்கியது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"கருகுதுங்க, இறக்குங்க."

"ஆறுனா செரியாப் போயிருமுங்க" என்று சிரித்தாய்.

ஆறியது, இறுகியது, சரியாகவில்லை. கொக்கி முறிந்த ஹேங்கர்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. முதலாளியிடம் கூசாமல் சொன்னாய்: "படிக்காத ஆளுங்க. சூட்டைக் கூட்டிப் போட்டாருங்க." அதற்குப்பின் எந்தக் கம்பெனியும் என்னை மிஷின் பக்கம் விடவில்லை. கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தே கிழவனானேன். என்மேல் பழி போட்ட அன்று சாயங்காலம் என் தோளைத் தட்டி அதையே வேறு சொன்னாய்: "கோவம் ஆறுனா செரியாப் போயிருமுங்க."

இல்லை. அளவு மீறிக் காய்ந்தது, ஆறினாலும் உள்ளே அறுந்துதான் கிடக்கும். திரும்பி வந்த பெட்டியிலிருந்து எடுத்த கொக்கி ஒன்று இன்னும் என் சட்டைப்பையில் கிடக்கிறது.

நீ குமிழைத் திருகியபோது அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். நீ போய்விட்டாய். நான் சொன்னால் நம்ப ஆளில்லை. இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஹேங்கர் ஓரத்துப் பிசிறு வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இன்றுவரை வாய் திறக்காத ஒருத்தி மிச்சம் இருக்கிறாள். இந்த மடலை டீச்சர் அவள் முன்னால்தான் படிக்கப் போகிறார். என் தங்கை, உன் பெண்டாட்டி, பாப்பாத்தி.