அப்பா மட்டும் இருக்கும் படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹூஸ்டனிலிருந்து பெனடிக்ட் வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்லறைத் திருநாளன்று பாலக்கரையில் பூ வாங்கிக்கொண்டு, அப்பா கல்லறைக்கு ஆட்டோவிலேயே போங்கள். தங்கச்சி லின்சியும் கூட வரட்டும்.

எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. வேலை முடிந்ததும் ஒரு சின்ன மெக்சிகோ கடையில் டாக்கோ சாப்பிடுகிறேன். சோள ரொட்டிக்குள் கறி வைத்து மடித்துத் தருவார்கள். நேற்று அங்கே ஒரு மேசையில், நம் ஆட்களைப் போலவே பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, இறந்தவர்களின் படங்களை அடுக்கியிருந்தார்கள். அப்பா இறந்தது தெரிந்த கடைக்கார அம்மா ரோசா, "உங்க அப்பா படத்தையும் வைங்க" என்றார்.

செல்போன் முழுக்கத் தேடினேன். எல்லாப் படத்திலும் அப்பா பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அந்த மேசையில் உங்களை வைப்பேனா? உங்களை வெட்டி எடுக்கவும் கை வரவில்லை. ரோசா படமில்லாமலே அப்பாவுக்கு ஒரு டாக்கோ வைத்தார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். பசியில்லை, அவ்வளவுதான்.

பீரோவில் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படம் இருந்தால் லின்சியிடம் சொல்லி அனுப்புங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் மட்டும் தனியாக நிற்கிற படம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அம்மா.

உங்கள் மகன்,
பெனடிக்ட்