இஞ்சினுக்குக் கொடுத்த காது

மாமா,

நேற்று மந்தைவெளியில் டாக்டரிடம் போயிருந்தேன். இருமல்தான், வேறொன்றும் இல்லை. சின்ன வயசுப் பெண். குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு, என் முதுகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டது. மூச்சை இழுத்து விடச் சொன்னது. என்னால் இழுக்க முடியவில்லை. அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் கோவளம் ரோடு அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது. பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் இல்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. நான் உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதே மாதிரிக் குழாய்தான் நம்மிடமும் இருந்தது. எங்கோ பழைய சாமான் கடையில் நீ பொறுக்கி வந்தது. நெஞ்சில் வைக்கிற வட்டத்தை வெட்டிப் போட்டுவிட்டு, நீளமாக ரப்பர் குழாயைச் சேர்த்தாய். முனையில் ஒரு செப்புக் குழாய். அதைத் தட்டித் தட்டையாக்கி இஞ்சினில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து முடுக்குவாய். பானெட் இடுக்கு வழியாக வந்து, ஜன்னல் வழியாக நுழைந்து, அது என் காதுக்கு வரும். உன் காதுக்கு இல்லை.

உனக்குக் காது போய்விட்டதென்று நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எதிரில் நின்று பேசுகிறவர்களுக்கு உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாய். சைலன்சர் கழற்றின இஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே சின்ன வயசிலிருந்து நின்று நின்று, முதலில் வலது காது போனது, அப்புறம் இடது. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துப்போச்சு, காதில் மிஷின் வைத்தாலும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது அந்தச் சீட்டை பஸ்ஸிலேயே கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டாய்.

"வெளிய தெரிஞ்சா நம்ம கதை முடிஞ்சுது. செவுடன் கையில எவன் வண்டி குடுப்பான்? செத்தாலும் சொல்லாத."

நான் தலையை ஆட்டினேன். வாயால் சொன்னால் உனக்கு எங்கே கேட்கப்போகிறது.

அப்புறம்தான் அடையாறு காந்தி நகர்த் தம்பியின் வண்டி நம் மெக்கானிக் கொட்டகைக்கு வந்தது. ஜப்பான் வண்டி, டர்போ. அவர் அப்பா வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. வெளியே போகிற புகையே ஒரு விசிறியைச் சுற்றும், அந்த விசிறி இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் என்று கையைச் சுற்றிச் சுற்றி எனக்குக் காட்டினாய். அந்த வண்டிக்கு மூளை ஒரு அலுமினியப் பெட்டி. எவ்வளவு பெட்ரோல் விடணும், எப்போது நெருப்பு வைக்கணும் என்று அதற்குள் இருக்கிற சிப்புதான் சொல்லும். கம்பெனிக்காரன் எழுதின சிப்பை எடுத்துவிட்டு, நீ சொல்லி எழுதின சிப்பை வைத்தால் அதே இஞ்சின் இன்னொரு இஞ்சின் ஆகிவிடும். ரிச்சி தெருவில் ஒருத்தர் மிஷினில் எழுதித் தருவார். சிப்பின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல். வெயில் பட்டால் எழுதினது அழிந்துவிடும் என்று, என் ஸ்டிக்கர் பொட்டில் பெரிசாக ஒன்றை உரித்து அதன் மேல் ஒட்டுவாய். நான் வாங்குகிற அட்டையில் பாதி உன் சிப்புகளுக்கே போனது.

சிக்கல் நம்ம ஊர் பெட்ரோலில் இருந்தது. ஜப்பான்காரன் நினைத்த மாதிரி அது எரியாது. நெருப்பு கொஞ்சம் முந்தினாலும் உள்ளே தானாக வெடிக்கும். காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அப்படியே விட்டால் பிஸ்டனில் ஓட்டை. குழாய் வைத்தால்தான் அந்தச் சத்தம் காதுக்கு எட்டும். நீ ஓட்டுவாய். நான் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டு வருவேன். கடுகு வெடித்ததும் உன் தொடையில் தட்டுவேன், நீ காலை எடுப்பாய். வண்டி எந்த வேகத்தில் போகும்போது தட்டினேன் என்று மனசில் வைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய் அந்த இடத்தில் மட்டும் நெருப்பைத் தள்ளிவைக்கச் சொல்வாய். "கண்ணை மூடிக்கோ. கண்ணு தொறந்திருந்தா காது வேலை செய்யாது" என்பாய். திருவான்மியூர் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் குழாயை வெளியே எடுப்போம்.

பொண்டாட்டி எதற்குக் கூட வருகிறது என்று நாலு பேர் கேட்பார்களே. அதற்கும் நீயே ஒரு கதை கட்டினாய். வண்டியை எடுத்துக்கொண்டு எவளையோ பார்க்கப் போகிறேன் என்று இவளுக்குச் சந்தேகம், தனியாக விடமாட்டாள் என்று. பக்கத்து டிங்கர் கடைக்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே ஆரம்பிப்பார்.

"மச்சி, உன் சி.ஐ.டி வந்துகினு கீது. மூஞ்சிய ஒழுங்கா வச்சிக்கோ."

நானும் விடமாட்டேன். எல்லோர் முன்னாலும் உன் சட்டையை முகர்ந்து பார்த்துத் திட்டுவேன். காரில் ஏறி அடையாறு பாலம் தாண்டினதும் இரண்டு பேரும் சிரிப்போம். நங்கநல்லூரில் உன் அண்ணன் வீட்டில் இருந்த அம்மா வரைக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்தது. அவர்கள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு கோவளம் ரோடு காலியாக இருந்தது. மறுநாள் வண்டி ரேஸுக்குப் போகணும். எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கடுகு வெடிக்கவில்லை. உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் எனக்கு வேறு ஒரு சத்தம் கேட்டது, டம்ளரில் கரண்டி தட்டுகிற மாதிரி. தட்டினேன். ஓரமாக நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கினாய். கையால் ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்து ரெய்ஸ் பண்ணுகிறேன், அந்தச் சத்தம் வந்தால் கையைத் தூக்கு என்றாய். கேபிள் ரோட்டுப் பக்கம் இருந்தது. நீ ரோட்டுப் பக்கம் நின்றாய். நான் கண்ணை மூடினேன்.

சத்தம் வந்தது. கையைத் தூக்கினேன். பானெட் மறைத்திருக்கும். என் கையைப் பார்க்கத்தான் நீ நிமிர்ந்து ஒரு எட்டு பின்னால் வைத்திருப்பாய். வண்டி ஒரு தரம் ஆடியது. காதில் இஞ்சின் இறங்கி சாதுவாக ஓட ஆரம்பித்தது. கேபிளை விட்டுவிட்டாய், சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே இருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் லாரி டிரைவர் அழுதார். "சாமி சத்தியமா ஹாரன் அடிச்சிக்கிட்டே வந்தேன் சார். ஓரமா நின்ன ஆளு, கிட்ட வந்ததும் பின்னால கால வச்சிட்டாரு." டீக்கடைக்காரரும் ஹாரன் சத்தம் தன் கடை வரைக்கும் கேட்டது என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயே, உனக்குக் கேட்கவில்லையா என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். கேட்கவில்லை என்றேன். அடையாறு தம்பி வந்தார். பாவம், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. இவங்க அவரைத் தனியா எங்கேயும் விடமாட்டாங்க சார் என்றார். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. உன் அம்மா வாசலில் விழுந்து அழுதார்கள்.

"சந்தேகப்பட்டே எம்புள்ளைய ரோட்டுல தள்ளிட்டாளே. நான் கூப்ட்டாகூட திரும்பமாட்டான். எல்லாம் இவ சொல்லிக்குடுத்தது."

பேசாமல் இருந்தால், நீ பொண்டாட்டி தொல்லை தாங்காமல் லாரிக்கு முன்னால் போய் நின்றவன். பேசினால், நீ இத்தனை வருஷம் சம்பாதித்த பேர் போச்சு. பஸ்ஸில் நீ சொன்னதை நினைத்துப் பார்த்தேன். செத்தாலும் சொல்லாதே என்றாய். ஆனால் நீ தானாகச் சாகவில்லையே, மாமா. அதை யார் சொல்வது?

"அவருக்குக் காது கேக்காது சார்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தார். சத்தத்தை வைத்தே இஞ்சினை செட் பண்ணுகிறவர் என்றுதானே சொன்னீர்கள் என்றார். தம்பி ஆமாம் என்றார். நான் பையிலிருந்து குழாயை எடுத்துக் காட்டினேன், இதில் நான்தான் கேட்பேன் என்று சொன்னேன். பின்னால் யாரோ "டாக்டரம்மாவா?" என்றான்.

"வூட்டுச் சண்டைய மறைக்கக் கதை வுடாதம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். எழுத வேண்டியதை எழுதிக்கொண்டார்.

நாம் அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறோம்.

தம்பி மட்டும் நம்பினார். வெளியே மரத்தடியில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, அப்ப என் வண்டியை செட் பண்ணது யாரு?"

"அவருதான் தம்பி. கேட்டது நானு."

கொஞ்ச நேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த பிறகு வீட்டுக்கு வந்து, தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அந்தச் சிப்பைக் கொடுத்தார். தப்பா நினைக்காதீங்க, வீட்ல பயப்படறாங்க என்றார். அவர் வழியாகச் சேதி பரவியது. நீ செட் பண்ணின மற்ற வண்டிக்காரர்களும் பழைய சிப்பையே போட்டுக்கொண்டார்கள். எந்த இஞ்சினும் கெட்டுப்போகவில்லை. கெடுமோ என்கிற பயமே அவர்களுக்குப் போதும்.

தீப்பெட்டியைத் திறந்து பார்த்த உன் அம்மா, தாலி அறுத்த பிறகும் பொட்டு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொன்னார்கள். அது எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று விளக்கப்போனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். விட்டுவிட்டேன்.

ஆக, நம்பாதவர்களுக்கு நீ தானாகச் செத்தவன். நம்பினவர்களுக்கு ஊரை ஏமாற்றின செவுடன். நான் வாயைத் திறந்ததில் சாவின் உண்மை, சம்பாதித்த பேர் இரண்டுமே உனக்குப் போனது. உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். நாளைக்கே மறுபடி கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

காது போன நாளிலிருந்து உன்னோடு எங்கே நடந்தாலும் நான்தான் ரோட்டுப் பக்கம் நடப்பேன், உனக்கு நினைவிருக்கும். உன்னை உள் பக்கம் விட்டு, பஸ் வந்தால் உன் சட்டையைப் பிடித்து இழுப்பேன். அன்றைக்கு ஒரு நாள்தான் இடம் மாறிப்போனது. இப்போதும் கச்சேரி ரோட்டில் கறிகாய்ப் பையோடு போகும்போது என் கால் தானாக ரோட்டுப் பக்கம்தான் போகிறது. ஹாரன் கேட்டால் கை பக்கத்தில் சட்டையைத் தேடுகிறது. "யம்மா, ஓரமாப் போயேன், சாவறதுக்கு வந்துகிறியா" என்று ஆட்டோக்காரர்கள் திட்டுகிறார்கள். ஓரத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன் என்று நான் சொன்னால், அதை மட்டும் நம்பிவிடுவார்களா?