கவிழ்த்து வைத்த கிண்ணம்

1923, நவம்பர் 26

முழங்கால் வரை பனி. காலையில் தெக்லா மறுபடியும் வைக்கோல் கொட்டகைக்குப் போய்விட்டாள். காலில் வெறும் கம்பளி உறை. கையில் எரியும் லாந்தர்.

"எதுக்கு இங்க வந்தே?" என்றேன்.

"அவதான் சொன்னாளே."

எவள், என்ன சொன்னாள்? என் மனைவி மறுபடி வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

நவம்பர் 29

வெர்னர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அப்பா, லாந்தர் வைக்கோல் மேல சாஞ்சு கிடந்துச்சு. நான் மட்டும் பார்க்கலேன்னா மாடு, குதிரை, நாம எல்லாம் ஒண்ணா வெந்திருப்போம். அம்மாவை அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை வண்டிக்குச் சொல்லிட்டேன்."

அந்த அமெரிக்க ஆஸ்பத்திரியில் எங்கள் ஸ்வீடிஷ் பேசுகிறவர் யாரும் இல்லை. தெக்லாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்து, ஆங்கிலம் போன வருடத்தோடு உதிர்ந்துவிட்டது. அங்கே அவள் தண்ணீர் கேட்டால்கூட யாருக்குப் புரியும்?

"பார்க்கலாம்ப்பா" என்றேன்.

டிசம்பர் 3

கொட்டகையில், மாடுகளுக்குப் பின்னால், இரண்டு கஞ்சிக் கிண்ணங்கள். தெக்லா நேற்று கொண்டுபோயிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் வீட்டுக் காவல் குள்ளனுக்கு வெண்ணெய் போட்ட கஞ்சி வைப்பது ஸ்வீடனில் நம் ஊர் வழக்கம்தான். ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. குள்ளனுக்கு ஒரு கிண்ணம் போதும்.

இரண்டும் காலி. பூனை தின்றிருக்கும். ஆனால் ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது.

எங்கள் மகன் ஆல்பின் அப்படித்தான் செய்வான். கடைசிக் கரண்டி உள்ளே போனதும் கிண்ணத்தைக் கவிழ்த்து, "பாரும்மா!" என்பான். அவனும் எங்கள் மகள் சிக்னேயும் தொண்டை அடைப்பான் நோயில் ஒரே வாரத்தில் போனார்கள். வெர்னர் அப்போது பிறக்கவில்லை.

தெக்லாவே கவிழ்த்திருப்பாள். வேறு யார்?

டிசம்பர் 5

தூங்கவில்லை. மலிவான பைன் பலகையில் சாயத்தை இழுத்து, ஓக் மரத்தின் ரேகை வரவழைப்பது என் தொழில். தேவாலயத்து மேடை, வங்கிக் கதவு, எல்லாம் என் ஓக். தொட்டுப் பார்த்தவர்கள்கூட நம்பினார்கள். பிறர் கண்ணை ஏமாற்றியே சோறு தின்றவன், என் கண்ணை எப்படி நம்புவது?

டிசம்பர் 8

இன்று தெக்லா போகவில்லை. மருமகள் டிலியா தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். பால் கறந்தது வெர்னர்.

டிசம்பர் 9

டிலியா திரும்பிவிட்டாள். தெக்லாவும் மறுபடி கொட்டகைக்குப் போய்விட்டாள்.

இப்போது புரிகிறது. இத்தனை நாள் எங்கே இருந்தது என் மூளை! டிலியா ஐரிஷ்காரி, அவளுக்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டும். காலையில் வாளியை எடுத்துக்கொண்டு கிழவியிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் போவாள்: பார்னுக்குப் போகிறேன் என்று. ஆங்கிலத்தில் பார்ன் என்றால் கொட்டகை. நம் மொழியில் பார்ன் என்றால் பிள்ளைகள்.

அமெரிக்கா வந்த முதல் கோடையில், முதலாளி பார்னுக்குச் சிவப்புச் சாயம் அடிக்கச் சொன்னதாகச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். தெக்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம பிள்ளைங்களுக்கா? கழுவினா போயிடுமா அது?" சிக்னே நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டாள்.

எப்படி மறந்தேன் இதை?

டிசம்பர் 12

வெர்னரிடம் சொல்லப் போனேன். குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னப்பா?" என்று நிமிர்ந்தான். பனி நிற்குமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கே சந்தேகம். ஒரு சொல்லுக்காக வண்டியை நிறுத்து என்றால் சிரிக்கமாட்டானா? வெறும் சொல்தானா? அந்தக் கிண்ணம்?

டிசம்பர் 14

டிலியாவிடம் சொல்லிவிட்டேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கு இருக்கிற ஆங்கிலத்தில், தப்பும் தவறுமாக, முழுவதையும்.

அவள் கை நின்றது.

"அப்போ தினமும் காலையில... அத்தைகிட்ட, 'உன் பிள்ளைங்ககிட்ட போறேன்'னு சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிருக்கேன். அப்படித்தானே மாமா?"

மாவுக் கையாலேயே நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "உங்க பாஷையில கொட்டகைக்கு என்ன?"

"லாதா."

"லாட்டா."

"லாதா."

டிசம்பர் 18

டிலியா நாலு நாளாக வாளியைத் தூக்கிக்கொண்டு "லாட்டா, லாட்டா" என்று சொல்லிப் போகிறாள். தெக்லா ஜன்னலருகே உட்கார்ந்தபடி இன்று என்னிடம், "கிழவா, உன் மருமக வாய்ல என்ன, சுட்ட உருளைக்கிழங்கா?" என்றாள்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். டிலியா சிரித்துவிட்டு, "அப்போ நீங்களே சொல்லிக் குடுங்க அத்தை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு தடவைகூட தெக்லா கொட்டகைக்குப் போகவில்லை.

டிசம்பர் 22, சனி

வண்டி வரவில்லை. வேண்டாம் என்று வெர்னரே சொல்லி அனுப்பிவிட்டானாம். டிலியா பேசியிருக்கிறாள். சாப்பிடும்போது அம்மாவின் தட்டில் மீனை முள் எடுத்து வைத்தான்.

டிசம்பர் 25

நேற்று வழக்கப்படி கொட்டகையில் கஞ்சி வைத்தேன், குள்ளனுக்கு. கை தானாக இரண்டு கிண்ணம் எடுத்தது. தெக்லா முழு நேரமும் அடுப்பருகில்தான் இருந்தாள். இரவும் என் பக்கத்தில்தான். விழித்தே இருந்தேன், எனக்குத் தெரியும்.

காலையில் போய்ப் பார்த்தேன்.

ஒன்று கவிழ்ந்திருந்தது.

பூனை தட்டியிருக்கும். பூனை தட்டினால் கிண்ணம் சாய்ந்து உருளும். இது நேராக, விளிம்பு தரையில் படிய. தொட்டுப் பார்த்தேன். தொட்டதால் என்ன தெரிந்துவிடும், எனக்கு?

டிசம்பர் 30

யாரிடமும் சொல்லவில்லை. தெக்லாவிடம் மட்டும், "பிள்ளைங்க ஞாபகம் வருதா?" என்று கேட்டேன்.

"எந்தப் பிள்ளைங்க?" என்றாள்.

1924, ஜனவரி 7

நேற்றிரவும் இரண்டு கிண்ணம் வைத்தேன். ஒன்று கவிழ்ந்திருந்தது.

ஜனவரி 19

விடிந்த பிறகும் இருட்டு. தெக்லா டிலியாவின் கையைப் பிடித்துப் பின்னல் ஊசி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஏதோ சிரித்தார்கள். நான் கோட்டுக்குள் கிண்ணங்களை வைத்துக்கொண்டு, லாந்தரை எடுத்துக் கதவு வரை போய்விட்டேன்.

டிலியா எழுந்து வந்தாள். "இந்தக் குளிர்ல எங்க மாமா? லாதாவுக்கா?"

உச்சரிப்பு இப்போது சரியாக வருகிறது அவளுக்கு.

"இல்லம்மா. பார்ன்."

கோட்டின் புடைப்பைப் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

"லாந்தரை மட்டும் எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க மாமா" என்றாள்.