மதினி கட்டிய மூட்டை

மதினி,

நேற்று பசறைக் கடைவீதியில் கருவாட்டுச் சாக்கை அவிழ்த்தார்கள். நெத்தலி வாசம் வந்ததும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நாம் ஒரே லயத்து வரிசையில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தோம். ஐப்பசி பிறந்தால் உங்கள் நாய் மணிக்கு ஒரு மூட்டை கட்டி வைப்பீர்கள். பொடி நெத்தலி, காய்ந்த ரொட்டி, கயிறு, புண்ணுக்கு வேப்பெண்ணெய், படுக்க ஒரு கோணி. அரிசிக்கே அலைந்த காலம் அது. உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், சிரிப்பார்.

“மனுசனுக்கே இல்ல, நாய்க்கு மூட்டையாக்கா?”

“மல சரிஞ்சா நீ ஓடிருவ. கட்டிப்போட்ட நாய் என்னடா செய்யும்?”

அந்த வருடம் மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதைப் பார்த்த கணக்கப்பிள்ளை, எல்லோரையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே போன பிறகுதான் அவள், வீட்டிலேயே விட்டுவந்த எங்கள் பூனையைக் கேட்டு அழ ஆரம்பித்தாள். அழுகை நிற்கவில்லை. “போய்த் தூக்கிட்டு வந்துர்றேன்” என்று உங்கள் தம்பி கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கினார். நான் கூப்பிட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் ஒரு கையில் மணியைப் பிடித்தபடி, முதுகில் கொழுந்துக் கூடையோடு ஏறி வந்தீர்கள். கூடையின் வாயைக் கோணியால் கட்டியிருந்தீர்கள்.

“எங்கடா போற?”

“பூனைய எடுக்க.”

“இதுல இருக்கு. ஏறு மேல.”

பூனை உங்கள் கையைப் பிறாண்டித் தள்ளியிருந்தது. மணிக்கு வைத்திருந்த வேப்பெண்ணெயை நீங்களே பூசிக்கொண்டு, நெத்தலியை இரண்டுக்கும் பங்கு வைத்தீர்கள். அவை தின்றுகொண்டிருக்கும்போதே கீழே மலை இறங்கும் சத்தம் கேட்டது.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். நம் அடுப்படிகள் இருந்த இடத்தில் சேறும் வேரோடு வந்த தேயிலைச் செடிகளும் கிடந்தன. அவர் வெகுநேரம் உங்கள் பக்கத்திலேயே நின்றார்.

“எங்க பூனைய எப்படி நெனச்சீங்க மதினி?” என்று நான்தான் கேட்டேன்.

“மூட்ட கட்டுறப்பவே அதுக்கும் சேத்துத்தான் வச்சேன்” என்றீர்கள், சாதாரணமாக.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் இப்போது நானும் மூட்டை கட்டுகிறேன். கட்டுமுன் பக்கத்து வீட்டில் என்ன வளர்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் ஒரு கிளியும் இரண்டு முயல்களும்.