மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியிருந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். எழுபத்திரண்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் பாப்பா! கடைப் பலகை, பஸ் பலகை, சோப்பு உறை என்று ஒன்றையும் விடுவதில்லை. மருந்துச் சீட்டு மட்டும்தான் வசப்படவில்லை. எழுதிய டாக்டருக்கே அது புரியாது என்கிறார் மருந்துக்கடைக்காரர்.

கற்றுக்கொடுத்தது உன் அம்மா. முப்பது வருஷம் ரயில் பாதையில் சுத்தியலோடு நடந்தவனுக்குப் பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. “என்ன, கடப்பாரையா அது? இந்த நெரி நெரிக்கிறீங்க” என்று திட்டுவாள்.

போன வருஷம் உன் ஆராய்ச்சியைப் பற்றி அவளுக்கு நான்கு பக்கம் எழுதினாயே, அதில் இரண்டை எனக்கு வாசித்துக் காட்டினாள். அதற்குள் நான் குறட்டை விட்டுவிட்டேனாம். குவாண்டம் எனக்கு எங்கே விளங்கும்? ஆனால் ஒன்று பிடிபட்டது. அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும் பொருளில் ஓரிடத்தைத் தொட்டால், அந்த அசைவு அக்கம்பக்கத்திலேயே தேய்ந்துவிடும், தொலைவுக்குப் போகாது என்று எழுதியிருந்தாய். இது எனக்குத் தெரிந்த சங்கதி. தண்டவாளத்தில் தட்டினால் வெகுதூரம் கேட்கும். ஜல்லிக் குவியலில் தட்டினால் தட்டியவன் கைக்குத்தான் வலி.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு தப்பு செய்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன் அம்மா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. “அவ பரீட்சை முடியற வரைக்கும் மூச்சு விடக்கூடாது” என்று சத்தியம் வாங்கினாள். நம் வீடுதான் நீ எங்கோ, நாங்கள் இங்கே என்று ஜல்லி மாதிரி சிதறிக் கிடக்கிறதே, இங்கே விழுந்த அடி உனக்கு எட்டாது என்று நானும் தலையாட்டினேன். அவள் பேச்சு குழறியதைப் பல்வலி என்றேன். பிறகு போனுக்கே வராததைத் தூக்கம் என்றேன்.

படுத்தபடியே, இடது கையால் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் கற்றுக்கொடுத்தாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். “இனிமே அவளுக்கு லெட்டர் போட ஆள் வேணாமா?” என்றாள்.

போன வாரம் மீதி இரண்டு பக்கத்தையும் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஆறு நாள் ஆனது. மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: வெடுக்கென்று தொட்டால்தான் அசைவு அங்கேயே நிற்கும்; ஓரிடத்தை மிக மிக மெல்ல மாற்றிக்கொண்டே போனால், தொலைவில் எங்கோ ஒன்று இடம் மாறிவிடும் என்று. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “வேலையே ஓடலப்பா, என்னமோ மாதிரி இருக்கு, ஏன்னே தெரியல” என்று நீ போனில் அழுதது காதில் கேட்டது. அம்மா நாளுக்கு நாள் தேய்ந்தது உனக்கு எட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இதையும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என் வாய் பொய்க்குப் பழகிவிட்டது. கை இன்னும் பழகவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

நான்கு நாளாக அவளுக்குத் தண்ணீர் மட்டும்தான் இறங்குகிறது. சிலேட்டைத் தொடுவதில்லை. நான் பாடம் எழுதுவதாக நினைத்துக் கண்ணாலேயே சிரிக்கிறாள்.

அவளைக் கேட்டால் பரீட்சையை முடித்துவிட்டு வா என்பாள். நான் கேட்கவில்லை. டிக்கெட் எடு பாப்பா. வழியில் ஏதாவது சாப்பிடு. பத்திரமாக வந்து சேர்.

உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறிய,
அப்பா